நூறு வீதம் நிறைவேறிய கோல்

பக்கத்து வீட்டு ஜெசிந்தினியின் கூரைக்கு எட்டு நீலத் தகரம் வந்து இறங்கிய அன்றைக்கு எனக்கு வந்தது பொறாமைதான். வருத்தம், ஆதங்கம் என்றெல்லாம் நாகரிகமாகச் சொல்லலாம். எனக்கு அந்தச் சிரமம் வேண்டாம். வயிறு எரிந்தது. அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவள் கொடுத்தனுப்பிய பாயசத்தைத் தவிர.

நான் பொறாமைப்பட்டதில் நியாயம் இருந்தது. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகிற பாதையில் இறங்கி ஒரு மணித்தியாலம் ஏறினால் எங்கள் குருவிமலைத் தோட்டம். பத்து அறை ஒட்டி வரிசையாக நிற்கிற லயத்தில் நான்காவது காம்பரா எனக்கு, ஐந்தாவது ஜெசிந்தினிக்கு. வெள்ளைக்காரன் போட்ட ஒரே கூரைதான் பத்துக்கும். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் திறந்தே கிடக்கும். அவள் கருவாடு பொரித்தால் என் வீட்டில் தும்முவோம். மழை வந்தால் பத்து வீட்டிலும் சட்டி பானையை எடுத்து வைப்போம். அந்த லயத்தில் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் பொறாமைப்பட அதுவரைக்கும் ஒரு பொருளும் இருந்ததில்லை. அந்தக் குறையை ஊவா உயர்நோக்கு மையம் வந்து தீர்த்து வைத்தது.

மையம் பதுளை டவுனில் மூன்று மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. தோட்டத்து ஜனங்களிடம் எல்லாம் இருக்கிறது, கோல் மட்டும்தான் இல்லை என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள். அந்தக் கண்டுபிடிப்புக்காக வெளிநாட்டிலிருந்து உதவியும் வந்துவிட்டது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் புள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டார்கள். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பெரியவர்களுக்கு அங்கே கதிரை கிடையாது. நாற்பது பேரும் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, எங்களுடைய உயர்ந்த நோக்கங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டோம்.

“கோல் என்றால் என்ன?” என்று கேட்டார் பணிப்பாளர் தயாபரன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

“கோல் என்பது ஆங்கிலச் சொல். பந்து விளையாடுகிறவனுக்குக் கம்பங்களுக்கு நடுவே பந்து போவது கோல். மாணவனுக்குப் பல்கலைக்கழகம் கோல். கம்பெனிக்கு வருட இலாபம் கோல். ஏம் என்பது வேறு, அது தூரத்தில் தெரிவது. ஒப்ஜெக்டிவ் என்பது வேறு, அது கிட்டத்தில் தெரிவது. டார்கெட் என்பது எண்ணிக்கை. இவையெல்லாம் சேர்ந்தவன்தான் மனிதன். இவை இல்லாதவன்...” இந்த இடத்தில் எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பண்பாக நிறுத்திக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் இராசையா கையைத் தூக்கினார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. “ஐயா, இது எல்லாத்துக்கும் தமிழ்ல ஒரே பேருதானுங்களே?”

“அதுதான் நம்முடைய பிரச்சினை,” என்றார் தயாபரன். கூட வந்திருந்தவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து அவரவர் கோலைச் சொல்ல வேண்டும். களப் பணியாளர் நஸ்லியா எழுதிக்கொள்வாள். பதுளைப் பிள்ளை, முகத்தில் ஒரு கனிவு உண்டு. கையிலிருக்கும் படிவம்தான் அதை வெளியே விடாது. என் முறை வந்தது. நான் மனதில் இருந்ததைச் சொன்னேன்.

“கூரை மூணு எடத்துல ஒழுகுதும்மா. எம் மக கலா வெலிமடையில கட்டிக் குடுத்துருக்கு. பதினோராம் மாசம் புள்ள பொறக்கப் போகுது. தலப்பிரசவம், இங்கதான் வருவா. அதுக்குள்ள புள்ளய படுக்க வைக்க ஒரு மூலையாவது காயணும்.”

நஸ்லியா எழுதத் தொடங்கி, நிறுத்தி, எழுதியதை அடித்தாள். “அக்கா, இது கோல் இல்ல. இது தேவை.”

“ரெண்டும் வேறயா?”

“வேற அக்கா. தேவைக்கு இன்னொரு நிறுவனம் இருந்திச்சு. அவங்க தங்கட கோல அடைஞ்சிட்டு போன வருஷம் மூடிட்டாங்க.”

என் பெயருக்கு நேரே ‘நோக்கமற்றவர்’ என்று எழுதினாள். அடுத்தது ஜெசிந்தினி. தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிக்கிறவள் அவள். அதே குரலில், கையைக் கட்டிக்கொண்டு, “நான் ஒரு தையல் தொழில்முனைவராக உருவாக விரும்புகிறேன்,” என்றாள். தயாபரனே எழுந்து நின்று கை தட்டினார்.

ஜெசிந்தினிக்குத் தைக்கத் தெரியாது. அவள் சட்டைக்கு நான்தான் பித்தான் வைத்துக் கொடுப்பேன். தையல் மெசினை அவள் பார்த்ததெல்லாம் டவுனில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான். ஆனால் மெசின் வைத்தால் நனையக்கூடாது அல்லவா? ஆகவே கோலுக்கு ஏற்ற சூழலை முதலில் உண்டாக்குகிறோம் என்று எட்டுத் தகரத்தைக் கொடுத்தார்கள். மெசின் அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். இல்லாத மெசின் நனையாமல் இருக்க எட்டுத் தகரம், பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. இதற்குப் பொறாமைப்படாமல் வேறு எதற்குப் பொறாமைப்படுவது?

பொறாமை அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புதுத் தகரத்தைப் பழைய தகரத்துக்கு மேலே தூக்கி வைத்து அடித்தார்கள். அவள் பக்கத்துத் தண்ணீர் முழுக்க இரண்டு வீடும் சேருகிற இடத்துக்கு ஓடி வந்து, என் பக்கம் இறங்கியது. மூன்று இடத்து ஒழுக்கு ஐந்தாயிற்று. எங்கள் லயத்தில் கட்டிலை எங்கே போடுவது என்பதைக் கூரைதான் தீர்மானிக்கும். ஜெசிந்தினி இப்போது இஷ்டத்துக்குக் கட்டிலை நகர்த்தினாள். இன்றைக்கு ஜன்னலோரம், நாளைக்குச் சுவரோரம். கட்டில் கால் சிமெந்தில் உரசுகிற சத்தம் ஒவ்வொரு தடவையும் என் காதில்தான் விழுந்தது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“மழ பேஞ்சதே தெரியல அக்கா,” என்று காலையில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சொல்வாள். ஈரப் புடவையோடு, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு வந்து நிற்கிற என்னிடம் சொல்கிற பேச்சா இது? கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும்போது எனக்குக் காதே கேட்கவில்லை. அவளுடைய புருஷனுக்கு எல்ல என்கிற ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவான். ஒரு ஆளுக்கு எட்டுத் தகரம். நான் ஒவ்வொரு தகரமாக எண்ணி எண்ணிப் பொறாமைப்பட்டேன்.

கடைசியில் தாங்க முடியாமல் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி பதுளைக்குப் போனேன். மையத்தில் புதன்கிழமைதோறும் கோல் கிளினிக் நடக்கும். கோல் இல்லாதவர்களையும், கோல் பிசகியவர்களையும் பார்ப்பார்கள். எனக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். பண்டாரவளைப் பக்கத்துக் கிழவர் ஒருத்தர் மூன்றாவது வாரமாக வருகிறாராம். அவர் கேட்டது மூக்குக்கண்ணாடி. உயர்ந்த நோக்கு வேண்டும் என்று சொல்லித் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்களாம்.

நஸ்லியா என்னை உட்கார வைத்து வலது கையை விரித்துக் காட்டினாள். “அஞ்சு வெரல் பரீட்சை அக்கா. பெருவிரல், குறிப்பா இருக்கணும். சுட்டு விரல், அளக்கக்கூடியதா இருக்கணும். நடுவிரல், செய்யக்கூடியதா. மோதிர விரல், எங்கட திட்டத்துக்குப் பொருத்தமா. சுண்டு விரல், எப்ப முடியும்னு ஒரு காலம். அஞ்சும் மடங்கினாத்தான் கோல். இப்ப சொல்லுங்க.”

“கூர ஒழுகக் கூடாது.”

“கூடாதுன்னு சொல்லக் கூடாது அக்கா. அது எதிர்மறை.”

“சரி. கூர காஞ்சு இருக்கணும்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ரெண்டாம் மாசம் காயுதுதானே?”

“வெயில் காலத்துல காயாம என்னம்மா?”

“அப்ப அது ஏற்கெனவே அடைஞ்ச கோல். மறுபடி எழுத ஏலா.”

“பொறக்கப் போற புள்ளைக்காக கேக்குறேன்.”

“அது புள்ளட கோல் அக்கா. புள்ள வந்து போர்ம் நிரப்பணும். பிறக்காதவங்களுக்கு நம்மகிட்ட போர்ம் இல்ல.”

ஜெசிந்தினிக்கு வழி தெரிந்தது, எனக்குத் தெரியாதா? நானும் கையைக் கட்டிக்கொண்டு, பூசைக் குரல் வராவிட்டாலும் வந்த குரலில், “நானும் தையல் தொழில்முனைவர்,” என்றேன். தையல் முடிந்துவிட்டதாம். உங்கள் தோட்டத்துக்குக் காளான் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது என்றாள். சரி, காளான் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. வேறொரு படிவத்தை எடுத்து, பலம், பலவீனம் என்று இரண்டு பக்கமாகக் கோடு போட்டாள். காளானுக்கு ஈரம் வேண்டும், இருட்டு வேண்டும். என் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே ஐந்து இடத்து ஒழுக்கையும் பலம் என்ற பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதினாள். “ஒங்கட கூரைய மட்டும் திருத்திராதீங்க அக்கா,” என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கோபம் வந்துவிட்டது. கோபம் என்று சொல்வது கூடச் சும்மா. அதே பொறாமைதான், இத்தனை நாள் உள்ளே இருந்தது வாய் வழியாக வெளியே வந்தது.

“எனக்கு ஒரு கோலும் வேணாம். அவ வீடும் ஒழுகணும். எனக்கு அஞ்சு எடத்துல ஒழுகுதுல்ல? அந்த ஜெசிந்தினி வீட்டுலயும் அஞ்சு எடத்துல ஒழுகணும். இந்த மழைக்கு முன்னாடி ஒழுகணும். அதுதான் எனக்கு வேணும்.”

நஸ்லியா அதிர்ச்சியோடுதான் என்னைப் பார்த்தாள். ஆனால் அவளுடைய கை பழக்கத்தில் விரலை மடக்கிக்கொண்டிருந்தது. பெருவிரல் மடங்கியது. அஞ்சு என்று சொன்னதால் சுட்டு விரலும் மடங்கியது. செய்யக்கூடியதுதான், ஆணியைக் கழற்றினால் போதும். மழைக்கு முன் என்றதில் சுண்டு விரல் மடங்கியது. மோதிர விரல் மட்டும் நீண்டு நின்றது. அவள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே எழுந்து பணிப்பாளரின் அறைக்குள் போனாள்.

தயாபரன் வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“பத்து வருடமாக இந்த மக்களிடம் கோல் கேட்கிறேன், அம்மா. எல்லாரும் எதையாவது தரச் சொல்லுகிறார்கள். ஒரு நிறுவனத்தால் எவ்வளவுதான் தர முடியும்? கட்டடம் இருக்கிறது, வாகனம் இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம். முதல் தடவையாக நீங்கள்தான் எங்களால் முடிந்ததைக் கேட்டிருக்கிறீர்கள்.”

“நான் சும்மா ஒரு ஆத்தாமையில சொன்னேங்க.”

“ஆற்றாமையில் சொல்வதுதான் உள்ளத்திலிருந்து வருவது.” நஸ்லியாவின் பக்கம் திரும்பினார். “பொருத்தமா என்று கேட்கிறாயே, இதைவிடப் பொருத்தம் ஏது? அயலவர்களுக்கு இடையே உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான் நம் திட்டம். எட்டுத் தகரம் கொடுத்தோம், இடைவெளி கூடிவிட்டது. ஏன் கூடியது என்று வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்து என் மேசையில் கிடக்கிறது. நான் தூங்கி ஒரு வாரம்.”

மோதிர விரலும் மடங்கியது. படிவத்தை நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். குருவிமலைத் தோட்டத்தில் எனக்கு நினைவு தெரிந்து நாங்கள் எழுதிக் கொடுத்த எதையும் யாரும் செய்ததில்லை. தண்ணீர் பைப்புக்கு எழுதினோம். பாதைக்கு எழுதினோம். கக்கூசுக்கு மூன்று தடவை எழுதினோம், மூன்றாவது தடவை போட்டோவும் வைத்து. கையெழுத்துப் போடுவது எங்களுக்கு மூக்குச் சிந்துகிற மாதிரி, மனம் கொஞ்சம் லேசாகும், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையில்தான் போட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஜெசிந்தினி மேல் பாதிக் கோபம் போயிருந்தது.

ஒன்பதாவது நாள் லொறி வந்தது.

நான் மலையில் நின்றிருந்தேன். கீழே லயத்துக் கூரையில் நாலு பேர் ஏறி நிற்பது தெரிந்தது. ஓடி வந்தபோது ஆறு தகரம் கழன்றுவிட்டது. ஜெசிந்தினி வாசலில் கையில் ஒரு கடிதத்தோடு நின்றாள். மூன்று மொழியில் அடித்த கடிதம், மூன்றிலும் புரியவில்லை. “தையல் தொழில் தொடங்காத காரணத்தால் ஆதரவுச் சூழல் மீளப் பெறப்படுகிறது” என்று தமிழில் இருந்தது.

“மெசின் குடுக்காம எப்பிடி அண்ணே தொழில் தொடங்குறது?” என்று கூரையைப் பார்த்துக் கேட்டாள்.

“அது வேற பிரிவு தங்கச்சி,” என்றான் மேலே நின்றவன்.

“யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?”

“பயனாளி பேரச் சொல்லக்கூடாது.”

நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடியிலிருந்த பழைய தகரத்தைக் கிளப்பி, ஓட்டை ஓட்டையாக இருந்ததைப் பார்த்துப் பார்த்து மேலே கிடத்தி, கல் வைத்துவிட்டு அவர்கள் போனார்கள். வேலை சுத்தமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே மழை. நான் அடுப்பில் சோறு வைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தினி சட்டி தேடுகிற சத்தம் கேட்டது. இத்தனை மாதம் சட்டிக்கு வேலை இல்லாததால் எல்லாவற்றையும் உள்ளே கட்டி வைத்திருப்பாள். பிறகு சுவருக்கு மேலாக அவள் குரல் வந்தது.

“அக்கா, சொல்லாம இருந்தேன். கலா வந்தா இங்கன படுக்க வைக்கலாம்னு இருந்தேன். ஒங்க பக்கம் ஒழுகுதுல்ல. எந்த எடத்துல காத்து அடிக்காதுன்னு கட்டிலக் கூட நவத்தி நவத்திப் பாத்தேன். சொவரோரந்தான் சரியா இருந்துச்சு.” சட்டி ஒன்றை இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. “இப்ப என்னா செய்றதுன்னு தெரியலக்கா.”

சோறு அடிப்பிடித்தது. இராசையா வந்து ஏன் வாசம் வருகிறது என்று கேட்ட பிறகுதான் பானையை இறக்கினேன்.

பத்தாம் மாசம் மையத்தார் கோல் தினம் கொண்டாடினார்கள். எங்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். மைதானத்தில் மேடை. மேடைக்கு மேல் எட்டு நீலத் தகரம் வேய்ந்திருந்தது. ஜனங்கள் உட்காருகிற இடத்தில் வானம்தான். தூறலும் விழுந்தது. மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தயாபரன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். “இந்த ஆண்டு ஊவா மாகாணத்தில் நானூற்று முப்பது கோல்களைப் பதிவு செய்தோம். சிலர் வீடு கேட்டார்கள். சிலர் பாதை கேட்டார்கள். அவை இன்னும் பயணத்தில் இருக்கின்றன. பயணம்தான் முக்கியம், போய்ச் சேருவது அல்ல, என்பதை நான் எப்போதும் சொல்வேன். ஆனாலும் ஒரே ஒரு கோல், ஒரே ஒரு பெண்மணியின் கோல், குறித்த காலத்துக்கு முன்பே, புதிய செலவு எதுவும் இல்லாமல், நூறு வீதம் நிறைவேறியிருக்கிறது.”

எல்லாரும் கை தட்டினார்கள்.

“பயனாளி, குருவிமலைத் தோட்டம் ரெங்கம்மா. கோல், அயலவர் ஜெசிந்தினியின் வீட்டுக் கூரையும் ஐந்து இடத்தில் ஒழுக வேண்டும்.”

கை தட்டல் நிற்கவில்லை. எதற்குத் தட்டுகிறோம் என்று தெரிந்தவர்கள் எங்கள் லயத்து ஆட்கள் மட்டும்தான். அவர்களும் தட்டத் தொடங்கிவிட்டார்கள், பிறகுதான் காதில் வாங்கினார்கள். மூன்றாவது வரிசையில் ஜெசிந்தினி இரண்டு கையையும் சேர்த்தபடி அப்படியே வைத்திருந்தாள். நான் மேடைக்குப் போனேன். லெமினேட் பண்ணிய சான்றிதழைக் கொடுத்தார்கள். தண்ணீர் புகாதாம்.

ஒலிவாங்கியை என் வாயருகே பிடித்தார் தயாபரன். “எப்படி உணர்கிறீர்கள், அம்மா?”

“ஐயா,” என்றேன். “இந்தத் தகரத்த அவளுக்கே திருப்பிக் குடுத்துருங்க. எனக்கு ஒண்ணும் வேணாம்.”

அவர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “பார்த்தீர்களா? ஒரு கோல் நிறைவேறிய மேடையிலேயே அடுத்த கோல் பிறக்கிறது. நோக்கமற்றவராக வந்தவர், இன்று இரண்டு கோலுக்குச் சொந்தக்காரர். அடுத்த சுற்று மூன்று வருடத்தில் ஆரம்பமாகும். அப்போது முதல் படிவம் இவருக்குத்தான்.”

பஸ்ஸில் ஜெசிந்தினி எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். லயத்து வாசலில் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“ஒரு வார்த்த சொல்லிருந்தா, ரெண்டு தகரத்த ஒங்க பக்கம் இழுத்து அடிக்கச் சொல்லிருப்பேன்.”

கேட்டால் கொடுப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளிடம் கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. பதுளை வரைக்கும் போய்க் கேட்கத்தான் தோன்றியது. அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். வெட்கமாக இருந்தது, செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது.

பதினோராம் மாசம் கலாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. நாலாம் நாள் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். நாங்கள் லயத்தில் கால் வைக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. அவள் தகரம் போனாலும் என் பக்கம் விழுந்த ஓட்டைகள் போகவில்லை. ஐந்து சட்டி வைத்தேன். சட்டிக்கு நடுவே தெறிக்காத இடம் ஒரு பாய் அகலத்துக்குக் கூட இல்லை. கலா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இராசையா ஒரு ரப்பர் சீட்டைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

அப்போது ஜெசிந்தினி கதவண்டை வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. “கலா, வா. சொவரோரம் காஞ்சுதான் இருக்கு,” என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். அவள் வீட்டில் நாலு இடத்தில் ஒழுகியது. சுவரோரம் ஒரே ஒரு பழைய தகரம் ஓட்டை விழாமல் தப்பியிருந்தது. அதற்குக் கீழே சேலையில் தொட்டில் கட்டியிருந்தாள். எத்தனை நாளைக்கு முன் கட்டியதோ தெரியாது.

மறுநாள் மழையிலேயே நஸ்லியா வந்தாள். மேடையில் சொன்னதை நேரில் பார்த்து உறுதிப்படுத்த வேண்டுமாம், கையில் பெரிய போன். என் வீட்டில் எண்ணினாள், ஐந்து. ஜெசிந்தினி வீட்டில் எண்ணினாள், நாலு. திரும்பவும் எண்ணினாள். போனில் ஏதோ சிவப்பாக வந்தது.

“ஒண்ணு கொறையுதே அக்கா,” என்றாள் என்னிடம். “மேடையில நூறு வீதம்னு சொல்லியாச்சு. இப்ப எண்பதுதான் காட்டுது. எழுதிப் போட்டா நாளைக்கு ஒரு ஆள அனுப்புவாங்க. ஒரு ஆணி அடிச்சு எடுத்தாச் சரி.” சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். ஓட்டை இல்லாத தகரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொட்டிலுக்கு நேர் மேலே.

கலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஜெசிந்தினி விளக்குமாறை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் என் வீட்டுக்குப் போனேன். ஒழுக்குக்கு வைத்திருந்த அலுமினியச் சட்டியைப் பாதித் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு வந்து தொட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

“இது அஞ்சாவது,” என்றேன். “எழுதிக்க.”

நஸ்லியா சட்டியைப் பார்த்தாள். மேலே தகரத்தைப் பார்த்தாள். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஒரு சொட்டு விழுமா என்று காத்திருக்கிற மாதிரி நின்றாள். ஒன்றும் விழவில்லை. மற்ற நாலு சட்டியிலும் விழுந்துகொண்டிருந்தது. அவள் தேவைக்கு மேலேயே நின்றாள்.

“இந்த எடத்துல மெதுவாத்தான் விழுகும் போல,” என்று சொல்லிவிட்டுப் போனில் அமுக்கினாள். “நூறு.”

சட்டியை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, குடையை விரித்துப் படி இறங்கிப் போனாள். குடை விரிந்த சத்தத்தில் பிள்ளை விழித்து வீரிட்டது. நான்தான் முதலில் தூக்கினேன். தோளில் போட்டேன், தட்டினேன், வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். நிற்கவில்லை. ஜெசிந்தினி என் முகத்தைப் பார்க்காமலே பிள்ளையை வாங்கித் தன் தோளில் சாய்த்தாள். பட்டென்று அழுகை நின்றது. என் பேத்தி அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான்.

“சட்டிய எடுங்கக்கா, காலுல தட்டுது,” என்றாள் ஜெசிந்தினி.

ஐந்து வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகச் சொன்னது அதுதான். சட்டியை நான் எடுக்கவில்லை. நஸ்லியா எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்தாலும் வருவாள்.